புழக்கடைக்கு வந்த விருந்து



தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பர். வட்டவடையிலோ அப்பனி உறைந்தும் விடுகின்றது. வெண்பனி பொழியும் நாடன்று அது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை இழக்க, காற்றின் ஈரம் புல்நுனியில் உப்பெனப் படிகின்றது.

தை இறுதியில் அங்கு ஓர் அன்பர் இல்லத்தில் தங்கியிருந்தோம். விடியலில் புழக்கடைச் சன்னலைத் திறந்தால், பூண்டுப் பாத்திக்கு அப்பால் கோசுத் தோட்டத்தில் காட்டெருமையொன்று நின்றது. (எருமையென்பது பெயரளவே, அது மாட்டினம்.) முழங்காலுக்குக் கீழே வெண்ணிறம், மூச்சு புகையாய் எழுந்தது. மெய்ம்மறந்து நோக்கினோம்.

“ஐயா, தங்களுக்கு இது காட்சி, எனக்கு மூன்று மாத உழைப்பு” என்றார் அன்பர்.

கொல்லாமை பேசச் சென்ற நமக்கு மறுமொழி எழவில்லை. “காட்டில் புல் இல்லையோ?” என்றோம். அவர் மலைச்சரிவைக் காட்டினார். 2003இல் தேசியப் பூங்காவான பாம்பாடும் சோலை அண்மையிலேயே உள்ளது. ஆயினும் புல்வெளியாயிருந்த சரிவுகள் பலவற்றில் இன்று தைலமரமும் சீகையும் நிற்கின்றன. அவற்றின் நிழலில் புல் செழிப்பதில்லை. எஞ்சியதையும் உறைபனி கருக்கிவிடுகின்றது.

தைலமரம் கூழாகும், கூழ் செயற்கைப் பஞ்சாகும். ஆலையில் நூற்ற நம் கைகளில் அப்பஞ்சும் ஓடியதுண்டு. சார்பினால் யாவும் தோன்றுமென எத்தனை மேடைகளில் விளக்கியிருப்போம்! அச்சார்பு சன்னலுக்கு வெளியே கோசு தின்று நிற்குமென ஒருநாளும் எண்ணியதில்லை.

வெயில் ஏறவே அது சோலைக்குள் மறைந்தது. அன்பர் வேலியைச் செப்பனிடப் புறப்பட்டார். கம்புகளைச் சுமந்து நாமும் உடன் சென்றோம்.