படியேறும் கால்களும் படியிறங்கும் மனமும்

கிழக்கு வெளுக்குமுன்பே கூடலூர் விழித்துக்கொள்கிறது. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் தூக்குச்சட்டியுடன் ஜீப்புகளில் ஏறி, லோயர் கேம்ப் வழியே மலைச்சாலையில் குமுளியை நோக்கிப் புறப்படுகின்றனர். திராட்சைப் பந்தல்களை நோக்கிப் பழம் வெட்டுவோர் நடக்கின்றனர். வெயில் சற்று ஏறியதும் தெருக்களில் வேறு குரல்கள் எழுகின்றன. கீரை விற்பவர், பாத்திரம் விற்பவர், தோளில் சேலை மூட்டை சுமந்து வருபவர் என ஒருவர்பின் ஒருவராக வீதியில் வருகின்றனர். அக்குரல்களை நாம் பெரும்பாலும் இரைச்சலாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அவற்றுள் ஒரு கேள்வி இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

“வேண்டுமா?” என்பதே அக்கேள்வி. அறிமுகமில்லாத வாசலில் நின்று இப்படிக் கேட்கும் மனிதர் யார்? இரப்பவரா? இரை தேடி வந்தவரா? அல்லது நமக்கு ஏதோ ஒரு நன்மையைச் சுமந்து வந்த அயலாரா? சிறு தொழில் செய்யும் நம் மக்கள் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் இக்கேள்வியை எதிர்கொண்டே ஆகவேண்டும். மளிகைக் கடைக்காரரும், தையற்கடை வைத்திருக்கும் சகோதரியும், வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் தாயும் புதிய வாடிக்கையாளரைத் தேடித்தான் வாழவேண்டியிருக்கிறது. அந்தத் தேடலின் அறம் யாது என்று சிறிது சிந்திப்போம்.

நம்மிடையே ஒரு கூச்சம் உண்டு. நல்ல சரக்கு தானே விலைபோகும். வீடு தேடிச் சென்று கேட்பது மானக்கேடு என்று எண்ணுகிறோம். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்கிறோம். பூவின் மணம் அந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். கடையைத் திறந்து வைத்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்து, மாலையில் கல்லாவை எண்ணி, ஊரைக் குறை கூறிக்கொண்டே கதவைச் சாத்துகிறவர் பலர். இதைத் தன்மானம் என்று அவர்கள் நினைக்கக்கூடும். கூர்ந்து பார்த்தால் அது மறுப்புக்கு அஞ்சும் அச்சமே என்பது விளங்கும்.

நம் பள்ளத்தாக்கின் திராட்சை இதில் நமக்கு ஓர் ஆசான். பிரெஞ்சுக் குரு ஒருவர் 1832ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் பன்னீர் திராட்சை, இன்று கம்பம் பள்ளத்தாக்கின் அடையாளமாகி, 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் வெட்டுக்கு வருகிறது. வந்தபின் அது எவருக்காகவும் காத்திருப்பதில்லை. கொடியில் விட்டால் உதிரும். வெட்டி வைத்தால் சில நாள்களில் கெடும். பழுத்த பின் வியாபாரியைத் தேடுகிறவர் அவர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கவாத்துக் கத்தியை எடுக்கும் நாளிலேயே வாங்குவோரை விசாரிப்பவருக்கோ பேசவும் நேரம் உண்டு. கேட்கவும் நேரம் உண்டு.

இது வியாபார நுணுக்கம் மட்டுமன்று. இதில் ஓர் அறவுண்மையும் அடங்கியிருக்கிறது. நெருக்கடியில் தேடுகிறவனுக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரிவதில்லை. அவருடைய பணப்பை மட்டுமே தெரிகிறது. நாளை வங்கித் தவணை கட்டவேண்டும் என்ற தவிப்போடு ஒரு வாசலில் நிற்கும்போது, அவ்வீட்டில் நோயாளி படுத்திருப்பதைக்கூட நம் கண்கள் காண மறுக்கின்றன. முன்கூட்டியே தேடுகிறவனுக்கு மட்டுமே மனிதரை மனிதராகக் காணும் ஓய்வு கிடைக்கிறது. ஆகவே காலத்தே தேடுவதும் பிறரன்பின் ஒரு கூறு எனலாம்.

தேடிச் செல்வது தாழ்ந்த செயல் அன்று என்பதற்கு நம் மாவட்டமே சான்று. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985ஆம் ஆண்டில் தேனியிலும் அதன் கிளை எழுந்தது. கண்புரையால் பார்வை இழந்தோர் கிராமங்களில் ஏராளமாக இருந்தனர். மருத்துவம் இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. காரணம் என்னவென்று வீடு தேடிச் சென்று கேட்டபோதுதான் உண்மை புலப்பட்டது. பேருந்துக்குக் காசில்லை, தங்கினால் சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு வருபவரின் கூலி போய்விடும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தி என்றால் அச்சம். எனவே ஊர்தோறும் முகாம் நடத்தி, வண்டியில் அழைத்துச் சென்று, உணவளித்து, சிகிச்சைக்குப் பின் திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடும் முறை உருவாயிற்று.

இங்கே நாம் கற்பது யாது? நன்மையானதும்கூடத் தேவைப்படுவோரிடம் தானாகச் சென்று சேர்வதில்லை. யாராவது படியேறிச் செல்லவேண்டும். மற்றொன்று, “வேண்டாம்” என்ற சொல்லுக்குள் பல சொற்கள் மறைந்திருக்கின்றன. “இப்போது முடியாது”, “உன்னை எனக்குத் தெரியாது”, “எனக்குப் பயமாக இருக்கிறது” என்பனவெல்லாம் வாய்க்கு வரும்போது “வேண்டாம்” என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. பொறுமையோடு செவிமடுப்பவருக்கே அவை பிரிந்து கேட்கும்.

எனினும், “வேண்டும்” என்ற சொல்லுக்குள்ளும் பல சொற்கள் மறைந்திருக்கும் அன்றோ! ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் பகுதியில் தவணைக்குச் சேலை விற்றுவந்த ஒரு தாய் நம்மிடம் கூறியதை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். பேச்சில் வல்லவர் அவர். ஒரு திருவிழாக் காலத்தில், தோட்ட வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணின் வீட்டில் மூட்டையை அவிழ்த்தார். அப்பெண் முதலில் தயங்கினார். “மதினி, இந்தக் கலரு உங்களுக்குன்னே நெஞ்சது மாதிரி இருக்கு. காசு என்ன ஓடியா போகுது, மெதுவாக் குடுங்க” என்று கூறி, சேலையை அவர் தோளில் போட்டுவிட்டு, கணக்கேட்டில் பெயரை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அன்று நல்ல வியாபாரம் என்று மகிழ்ந்தார்.

மூன்றாம் தவணை கேட்கச் சென்ற நாளில் ஐந்தாறு வயதுச் சிறுமி வாசலுக்கு வந்து, “அம்மா ஊருக்குப் போயிருச்சு” என்றாள். கதவுக்குப் பின்னால் வளையல் ஒலி கேட்டது. “கடன் வராதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் விற்ற சேலை ஒரு குழந்தைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டதே என்று தெருவிலேயே நின்றுவிட்டேன்” என்றார் அந்தத் தாய். மறுநாள் கணக்கேடு இல்லாமல் சென்றார். “மதினி, இருக்கும்போது பத்து இருபதாகக் குடுங்க, இல்லையென்றால் விடுங்க. என்னைப் பார்த்து ஒளிய மட்டும் வேண்டாம்” என்றார். அந்தக் கடன் தீர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதில் அவருக்கு இலாபம் ஏதுமில்லை. ஆனால் அதற்குப்பின் எந்த வீட்டிலும் மூட்டையை அவிழ்க்குமுன், “இந்த மாதம் செலவெல்லாம் எப்படி?” என்று ஒரு வார்த்தை கேட்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

புனித இரண்டாம் யோவான் பவுல் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நூறாம் ஆண்டு’ என்னும் சுற்றுமடலில், நன்றாக வாழ விரும்புவது தவறன்று என்றும், உடைமைகளைப் பெருக்குவதையே வாழ்வின் மேன்மையாகக் கருதுவதே தவறு என்றும் விளக்குகிறார். இது பெருநிறுவனங்களுக்கு மட்டும் உரைக்கப்பட்ட போதனை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பிறர் உள்ளத்தில் இல்லாத ஒரு தேவையை நாமே மூட்டிவிட்டு, அதைத் தீர்க்க வந்தவர்போல் நிற்பது கூடலூரின் சந்துகளிலும் நிகழ்கிறது. இன்று கைப்பேசியும் ஒரு வாசலாகிவிட்டது. அறிந்தவர், அறியாதவர் அனைவருக்கும் நாள்தோறும் வாட்ஸ்அப்பில் படங்களை அனுப்பிக் குவிப்பதும், கேளாமல் ஒரு வீட்டுக்குள் புகுவதற்கு ஒப்பானதே.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழுகிறது. இப்படியெல்லாம் பார்த்தால் சிறு வியாபாரி பிழைக்க முடியுமா? தேனியிலும் கம்பத்திலும் பெரிய கடைகள். கைப்பேசியைத் தொட்டால் வீட்டுக்கே வந்து சேரும் பொருள்கள். வட்டிக்கு வாங்கிய முதல். மனச்சான்றோடு விற்பவருக்கு இறுதியில் இலாபம் தானாக வரும் என்று நாம் எளிதாக ஆறுதல் கூறலாகாது. சில வேளைகளில் வராது. அறம் கைமுதலைக் கேட்கும் நாளும் உண்டு. சேலை விற்ற அந்தத் தாய்க்கு அது ஓராண்டுக் கடனாக வந்தது. அறம் என்பது இலாபத்துக்கான தந்திரமாக இருந்தால், இலாபம் தராத நாளில் அதைக் கைவிட்டுவிடுவோம். வள்ளுவர் வணிகரின் கடமையைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததன் நுட்பத்தை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று அவர் கருதினார். வாங்குபவரின் பணப்பையில் இருப்பதும் அத்தகைய பிறர் பொருள்தானே!

இனி, மறுப்பைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். பத்து வாசல்களில் ஏறினால் எட்டில் “வேண்டாம்” என்பதே விடை. நாளெல்லாம் மறுப்பைச் சுமப்பவரின் உள்ளம் இரண்டு வழிகளில் கெடக்கூடும். ஒன்று, தம்மையே தாழ்வாக எண்ணிச் சோர்ந்துபோவது. மற்றொன்று, மறுத்தவரை வெறுப்பது. நற்செய்தியாளர் லூக்காவின் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபத்திரண்டு சீடரை இருவர் இருவராக அனுப்பும் பகுதியை நாம் அறிவோம். எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் அமைதியை வாழ்த்தாகக் கூறவேண்டும். அவ்வீட்டார் அதை ஏற்காவிடில் அந்த அமைதி கூறியவரிடமே திரும்பி வரும் என்பது அவர் தந்த உறுதி. நற்செய்தி அறிவிப்பதும் நல்லெண்ணெய் விற்பதும் ஒன்றல்ல. ஆயினும் படியேறும் எவருக்கும் இதில் ஒரு மருந்து இருக்கிறது. மறுக்கப்பட்டது நம் பொருள். நாம் கொண்டுவந்த அமைதி குறையவில்லை. அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குச் செல்லலாம்.

ஒருவர் எத்தகைய வியாபாரி என்பதை அவர் படியேறும் விதத்தைவிட, மறுப்புக்குப் பின் படியிறங்கும் விதமே காட்டுகிறது. ஏறும்போது எல்லார் முகத்திலும் புன்னகை உண்டு. “சரிக்கா, தண்ணி மட்டும் ஒரு சொம்பு குடுங்க” என்று கேட்டு வாங்கிக் குடித்து, வீட்டாரின் நலத்தை விசாரித்துவிட்டு இறங்குகிறவர், அங்கு ஒரு வாடிக்கையாளரை இழந்திருந்தாலும் ஓர் அயலாரை இழக்கவில்லை.

அயலாரை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நம் பள்ளத்தாக்கு ஒருமுறை உணர்ந்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை குறித்த பிணக்கு முற்றியபோது, கம்பமும் கூடலூரும் கொந்தளித்தன. குமுளி வழியே போக்குவரத்து பல நாள் நின்றுபோயிற்று. மலைக்கு அப்பால் வேலைக்கும் விற்பனைக்கும் சென்றவர்களின் அடுப்புகள் அணைந்தன. அதுவரை பெயர் சொல்லி அழைத்த வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் ‘அவர்கள்’ ஆகிவிடும் ஆபத்து எழுந்தது. கணக்கேட்டில் மட்டும் இருந்த உறவு அத்தகைய நாளில் அறுந்துபோகும். ஒருவர் வீட்டு நல்லது கெட்டதில் மற்றவர் கலந்துகொண்ட உறவே சாலை மூடியபின்னும் நிலைக்கும். நாம் மலைக்கு அப்பால் தேடியது சந்தையை மட்டுமா, மனிதரையுமா?

விவிலியத்தில் நம் சிந்தைக்கு ஒத்த ஒரு காட்சி உண்டு. பிலிப்பி நகருக்கு வந்த திருத்தூதர் பவுல், ஓய்வுநாளில் நகர வாயிலுக்கு வெளியே ஆற்றங்கரைக்குச் சென்று, அங்கே கூடியிருந்த பெண்களோடு அமர்ந்து பேசுகிறார். அவர்களுள் ஒருவர் லீதியா. தியத்திரா நகரிலிருந்து வந்து, விலையுயர்ந்த செந்நிறத் துணி விற்ற வணிகப் பெண்மணி. நாள்தோறும் பிறரைத் தேடிச் சென்று பேசுவதே தொழிலாகக் கொண்ட அவர், அன்று செவிமடுப்பவராக அமர்ந்திருந்தார். கேட்டபின் தம் வீட்டைத் திறந்து பவுலையும் தோழர்களையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். விற்கத் தெரிந்த ஒருவர் செவிமடுக்கவும் தெரிந்தவராக இருந்ததால், ஒரு நகரின் முதல் கிறிஸ்தவ இல்லம் உருவாயிற்று.

நாளைக் காலை நம்முள் பலர் மீண்டும் ஒரு வாசலில் நிற்போம். சிலர் வாசலுக்கு உள்ளே இருப்போம். வெளியே நிற்பவருக்கு, “இவருக்கு இது உண்மையிலேயே பயன்படுமா?” என்ற வினா போதும். உள்ளே இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. வாங்க இயலாவிட்டால் ஒளியாமல் வெளியே வந்து, முகம் பார்த்து, “இப்போது வேண்டாம்” என்று கூறலாம். வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் தரலாம். அவ்வாறு நிகழும் வாசலில் விற்பனை நடந்தாலும் நடவாவிட்டாலும், இருவரும் நிமிர்ந்த தலையோடு பிரியலாம். ஞாயிறு காலையில் கோவில் வாசலில் மீண்டும் எதிர்ப்படும்போது ஒருவர் முகத்தை ஒருவர் கூசாமல் பார்க்கலாம்.