ஸ்டேஷனிலிருந்து சந்நிதி வரை

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையில் அயோத்தியாப்பட்டணம் ஒரு சிறிய ஸ்டேஷன். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமன் இங்கே தங்கினான், அயோத்தி போய்ச் சேருமுன்பே முடிசூட்டுக் கோலத்தை இங்கேயே காட்டினான் என்பது கோதண்டராமர் கோயிலைப் பற்றி ஊரில் வழங்கும் கதை. இதைச் சரித்திரமாக நிறுவ வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. ஆனால் கதைக்குள் கனமான சமயக் கருத்து ஒன்று இருக்கிறது: பயணத்தின் முடிவில் கிடைக்க வேண்டியது நடுவழியிலேயே கிடைத்துவிட்டது என்று ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறது. அப்படியானால் யாத்திரையின் பயன் எங்கே இருக்கிறது, போய்ச் சேர்ந்த இடத்திலா, வந்த வழியிலா? கோயில் வாசலில் காரை நிறுத்தி, அரை மணியில் தரிசனம் முடித்து, அடுத்த கோயிலுக்கு விரைவதே வழக்கமாகிவிட்ட காலத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் இறங்கி ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமாக நடக்கிற அந்தச் சில மைல்களும் வழிபாட்டின் பாகமே. அதை நீக்கிவிட்டால் சந்நிதியில் நடப்பதும் குறைபடும்.

இதை உரசிப் பார்க்க இந்த ரயில் பாதையே நல்ல இடம். சேலம் மாவட்டத்து மலைகளில் பிறந்து கிழக்கே ஓடும் வசிஷ்ட நதியையொட்டி, வசிஷ்டர் வழிபட்டதாகச் சொல்லப்படும் ஐந்து சிவத்தலங்கள் இருக்கின்றன. பேளூர் நிலம், ஏத்தாப்பூர் நீர், ஆத்தூர் நெருப்பு, ஆறகளூர் காற்று, கூகையூர் ஆகாயம். காஞ்சி, திருவானைக்கா, அண்ணாமலை, காளத்தி, தில்லை என்று தென்னாட்டில் எட்ட எட்டக் கிடக்கும் பஞ்சபூதத் தலங்களை இந்த வட்டாரத்து மக்கள் தங்கள் ஒரே ஆற்றின் போக்கில் வரிசையாக அமைத்துக்கொண்டார்கள். ரயிலும் அந்தப் போக்கிலேயே போகிறது. பேளூருக்கு வாழப்பாடியிலும், ஏத்தாப்பூருக்கு ஏத்தாப்பூர் ரோட்டிலும், ஆறகளூருக்குத் தலைவாசலிலும், கூகையூருக்குச் சின்னசேலத்திலும் இறங்க வேண்டும். ஆத்தூருக்கு ஆத்தூரிலேயே ஸ்டேஷன். ஆனால் எந்தக் கோயிலின் வாசலுக்கும் ரயில் கொண்டுபோய் விடுவதில்லை. பாக்குத் தோப்பு, குச்சிக்கிழங்குக் காடு, மஞ்சள் வயல், ஏரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் என்று மிச்ச வழி காலுக்கு உரியது.

ஏத்தாப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே சாம்பமூர்த்தீஸ்வரர் நீரின் வடிவமாக வணங்கப்படுகிறார். மேலே புழுதிக்குட்டையில் ஆணைமடுவு அணை 67 அடி உயரத்துக்கு வசிஷ்ட நதியைத் தேக்கி, வாய்க்கால் வழியே வயலுக்கும் ஏரிக்கும் அனுப்புகிறது. கீழே, மழை பொய்த்த ஆண்டுகளில் ஆறு மணலும் முள்ளுமாகக் கிடக்கிறது. தண்ணீர் தெரிகிற இடங்களிலும் ஊர்ச் சாக்கடையும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் கலந்துவிட்டன. காரில் வருகிறவர் இந்த ஆற்றைப் பாலத்தின் மேல் சில நொடிகளில் கடந்துவிடுகிறார். பிறகு சந்நிதியில் நின்று அபிஷேகம் பார்க்கிறார், மழை வேண்டுகிறார். அவர் பக்தியில் பொய் இல்லை. ஆனால் சைவம் சொல்லும் அட்டமூர்த்தத்தை அவர் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலம், நீர், தீ, காற்று, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் என்ற எட்டும் இறைவனின் திருமேனி என்றால், கருவறையில் இருப்பது எந்த அளவுக்கு நீரோ அந்த அளவுக்கு வெளியே சாக்கடை கலந்து தேங்கி நிற்பதும் அவன் திருமேனிதான். அதைக் கண்ணால் பாராமல் உள்ளே மட்டும் வணங்குகிறவர் தம் கொள்கையில் பாதியை வாசலுக்கு வெளியே விட்டுவிடுகிறார். நடப்பவருக்கு அந்தப் பாதி தப்புவதில்லை. நாற்றம் மூக்கில் ஏறும், வாய்க்காலின் மதகு உடைந்திருப்பது தெரியும், எந்த ஏரிக்கு நீர் வந்தது, எதற்கு வரவில்லை என்பது தெரியும். இந்த அறிவோடு சந்நிதியில் நிற்கும்போது அவர் கேட்கிற வேண்டுதலே வேறாகிவிடும்.

உள்ளத்துக்குள் இருக்கிறவனைத் தேடி எதற்கு ரயில், எதற்கு நடை என்று சித்தர் வழியில் நின்று ஒருவர் கேட்கலாம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அப்பரின் வரலாறேகூட முதல் பார்வைக்கு அதன் பக்கம்தான் சாய்கிறது. சேக்கிழார் சொல்கிறபடி, கயிலைக்குப் புறப்பட்ட அப்பருக்கு நடந்து நடந்து பாதம் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், உடலெல்லாம் நைந்தது. அங்கேயே ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்தான் இறைவன். கயிலைக் காட்சி சோழநாட்டிலேயே கிடைத்தது. அப்படியானால் அவ்வளவு தூரம் நடந்தது வீண்தானே? அவர் அங்கே எதைக் கண்டார் என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். பிடியோடு களிறு, பெடையோடு கோழி, குயில், மயில், நாரை, கிளி, பசுவோடு எருது என்று இணை இணையாக வந்த உயிர்களில் அம்மையப்பனைக் கண்டார். கோழியும் குயிலும் அவர் அதுவரை பாராதவையா? பார்த்தவைதான். முன்பு காணாததைக் கண்டேன் என்று அவர் பாடும்போது, புதிதாக வந்தது பறவை இல்லை, பார்வை. உடம்பு தேயத் தேய நடந்தவருக்கே அந்தப் பார்வை திறந்தது. உள்ளே இருக்கிறவனை வெளியே அடையாளம் காணுகிற பயிற்சி நடையில் கிடைக்கிறது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. அயோத்தியாப்பட்டணத்துக் கதையும் இதே அச்சில் வார்த்தது: நடுவழியில் முடி சூடியவன், பதினான்கு ஆண்டுகள் காட்டில் நடந்தவன்.

நடக்க முடியாதவர்களுக்கு என்ன வழி? முழங்கால் தேய்ந்த பாட்டிக்குப் புண்ணியத்தில் பங்கில்லையா? வசிஷ்ட நதி போய்ச் சேரும் வெள்ளாற்றின் கரையிலேயே இதற்கும் விடை இருக்கிறது. தந்தையின் தோளில் ஏறாமல் பிஞ்சுக் காலால் திருவரத்துறைக்கு நடந்த ஞானசம்பந்தருக்கு, அந்த ஊர் இறைவன் முத்துச் சிவிகை அளித்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. வாகனம் ஏறுவது குற்றமென்றால் அந்தச் சிவிகை வந்திருக்காது. சில ரூபாய் டிக்கெட்டில் யாரும் ஏறக்கூடிய பாசஞ்சர் ரயில் இன்றைக்கு எல்லோருக்குமான சிவிகை. முடியாதவர் ஆட்டோவில் போகட்டும். வழியில் ஆற்றங்கரையில் இறங்கி ஒரு நாழிகை உட்காரட்டும். நான் மறுப்பது ஆற்றைப் பாராமல் ஓடுகிற அவசரத்தை மட்டும்தான்.

இன்னும் கடுமையான மறுப்பு வரப்பிலிருந்தே வரும். தினமும் அந்த வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு போய்வரும் கூலிப்பெண்ணுக்கு அது யாத்திரையா? டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து நடக்கிறவர், அவளுடைய பாடு நடக்கிற இடத்தைத் தம் ஆன்மிகத்துக்குத் தீனியாக்கிக்கொள்கிறாரா? தவிர, கோயிலைச் சுற்றிய வழிகள் எல்லோருக்கும் திறந்திருந்தவையும் அல்ல. 1924-இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக நடந்தது. அதற்காகப் பெரியார் சிறை சென்றார். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு நடையைப் புனிதம் என்று பேசுவதற்குக் கூச்சம் வர வேண்டும். ஆனாலும் வைக்கம் என் வாதத்தை உடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். தெரு என்பது கருவறைக்குப் போய்ச் சேரும் சாதனம் மட்டும் என்றால், உள்ளே போகக் கேட்காதவர்களை வாசலுக்கு வெளியிலேயே அத்தனை மூர்க்கமாக ஏன் மறிக்க வேண்டும்? வழியும் கோயில்தான் என்பது மறித்தவர்களுக்கும் தெரியும், போராடியவர்களுக்கும் தெரியும். யாரையேனும் விலக்கிவைத்த வழி தீட்டுப்பட்ட வழி என்பதே அந்தப் போராட்டத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். எனவே வாய்க்கால் கரையில் நடக்கும் யாத்திரிகருக்கு ஒரு கடமை கூடுகிறது: அந்தக் கரையில் யாருடைய உழைப்பு கிடக்கிறது, எந்தத் தெருவிலிருந்து அவர்கள் வருகிறார்கள், அதே கோயிலில் அவர்களுக்கு என்ன இடம் என்று கேட்டபடி நடப்பது. கூலிப்பெண்ணின் நடையைவிடத் தம் நடை உயர்ந்தது என்று எண்ணுகிறவர் சும்மா காற்று வாங்க வந்தவர்தான்.

அடுத்தவர் வயலில் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு மிகப் பழைய நெறி ஒன்று உண்டு. ஓயாமல் நடப்பதையே வாழ்வாகக் கொண்டவர்கள் புத்த பிக்குகள். மழைக்காலத்திலும் அவர்கள் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று மக்கள் குறைகூற, புத்தர் அந்த மாதங்களில் ஓரிடத்தில் தங்கும்படி விதித்தார் என்று விநய நூல் சொல்கிறது. நடை தவமென்றால் நிற்க வேண்டிய காலம் அறிந்து நிற்பதும் தவம் என்று அன்றே கண்டுவிட்டார்கள். நாற்று நட்ட வயலை விட்டுக் கரையோடு சுற்றிப் போகிற யாத்திரிகர் அந்த விதியைத்தான் காக்கிறார். தலைவாசலை அடுத்த தியாகனூரில், ஆறகளூர்க் கோயிலுக்கு அதிக தூரமில்லாத இடத்தில், தியானக் கோலத்தில் அமர்ந்த பெரிய புத்தர் சிலைகள் இரண்டு இருக்கின்றன. ஐந்து தலங்களின் பட்டியலில் தியாகனூர் கிடையாது. பட்டியலை வைத்துக் காரில் போகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். காற்றின் தலத்துக்கு நடக்கும் சைவர் அங்கே சற்று நின்று போவதால் அவருடைய சைவத்துக்கு ஒரு குறையும் வராது. அடுத்தவர் பயிரை மிதிக்காமல் நடக்கும் நெறியை வகுத்தவரைத்தான் அவர் வணங்கிவிட்டுப் போகிறார்.