பிறபொருள் என்பது எது?

இலங்கையில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள், குருதியில் நின்று கிருமியை எதிர்க்கும் புரதத்தைப் ‘பிறபொருளெதிரி’ என்று கற்கிறார்கள். தன்பொருள், பிறபொருள், இரண்டுக்கும் நடுவே ஒரு வேலி என்ற தத்துவம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மலைநாட்டின் ஹாலிஎல, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இது பாடநூலோடு முடிந்துவிடும் விஷயமல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. பின்னர் 1934-35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. இத்தனை துயரம் தரும் ஒன்று, உயிர் இயல்புக்கே முற்றிலும் அயலான தீமையா? அல்ல என்றே நான் நினைக்கிறேன். அப்படி நினைக்க வைப்பது மலேரியா ஒட்டுண்ணியின் புரதம்தான்.

நுளம்பு கடிக்கும்போது தோலுக்குள் இறங்கும் மலேரியா ஒட்டுண்ணி, நொடிக்கு ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் வீதம் வழுக்கிச் செல்கிறது. நம் வெண்குழியங்களின் ஓட்டத்தைவிட இது ஏறத்தாழப் பத்து மடங்கு வேகம். அதன் மேற்போர்வையாக உள்ள புரதத்தில் ஒரே சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வருகிறது. நம் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் அதையே பற்றுகின்றன. 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த மலேரியாத் தடுப்பூசியும் பெரிதும் அந்தத் துணுக்கையே நம்பி நிற்கிறது. ஆனால் நகர்வுக்கு வேண்டிய பிடியைத் தருவது ட்ராப் எனப்படும் வேறொரு புரதம். அதன் பற்றும் பகுதிக்கு மூடியது, திறந்தது என இரு வடிவங்கள். இரண்டில் எந்த ஒன்றில் பூட்டிவைத்தாலும் ஒட்டுண்ணியின் நகர்வு கெட்டுவிடுகிறது. இதே மடிப்பு, இதே திறப்பும் மூடலும், நம் வெண்குழியங்கள் பற்றி நகரப் பயன்படுத்தும் இன்டகிரின் புரதங்களிலும் உண்டு. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணியின் பற்றும் பகுதியை நீக்கிவிட்டு, மனித இன்டகிரினின் பகுதியை அங்கே பொருத்தினார்கள். ஒட்டுண்ணி ஓரளவுக்கு மீண்டும் ஈரலைத் தொற்றியது. காவற்காரனின் கை, ஊடுருவுகிறவனின் தோளிலும் வேலை செய்தது!

திருடன் காவற்காரனின் உடுப்பைப் போட்டுக்கொண்டால் அவன் திருடன் இல்லை என்றாகிவிடுமா என்று கேட்கலாம். உடுப்பு ஏமாற்றுவதற்கு, இந்த மடிப்போ பிடித்து நகர்வதற்கு. தவிர, இந்தப் புரதக் குடும்பம் பக்டீரியாக்கள் வரை பரந்து கிடப்பது. அது நம்மிடமிருந்து களவாடப்பட்டது என்பதைவிட, உயிர்களின் பொதுச்சொத்து என்பதே பொருந்தும். வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருப்பதால்தானே பிறபொருளெதிரி போர்வையை இனங்கண்டு பற்றுகிறது. அயல்தன்மை பொருளின் இயல்பில் இல்லை, அது எதோடு சேர்ந்து என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது என்பதே என் வாதம். இதற்கு நெருங்கிய ஒரு கருத்தும் உண்டு: உயிர் தான் சார்ந்ததன் தன்மையை ஏற்கும் என்பது மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம். அதே சித்தாந்தம் உயிரை மறைக்கும் ஆணவமலத்தை உயிரினின்று வேறான, அநாதியான உள்பொருள் என்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு வலுவானதுதான். ஆனால் அதற்குச் சித்தாந்திகள் காட்டும் உவமை செம்பில் களிம்பு. களிம்பு வெளியிலிருந்து வந்த படையல்ல, செம்போடு கூடவே இருப்பது. அவர்கள் புரதத்தை அறிந்திருந்தார்கள் என்று சொல்வது அவர்களுக்கும் அறிவியலுக்கும் செய்யும் அநீதி. தீமையை நினைக்க ஒரு வழி தந்தார்கள், அவ்வளவே.

நோய் அயலானதல்ல என்றால் அதைச் சகித்துக்கொள்ளச் சொல்வதா என்ற கேள்விதான் எனக்கு மிகக் கனமானது. பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்த தாயிடம் எந்தத் தத்துவமும் அப்படிச் சொல்லக் கூடாது. சொல்லவும் தேவையில்லை. இலங்கையில் நிலைத்திருந்த உள்ளூர்ப் பரவலின் கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்தது. காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்தும், மருந்து கொடுத்தும், நுளம்பைத் தேடிக் கட்டுப்படுத்தியும் கிடைத்த பலன் அது. ஒட்டுண்ணியைப் பேயாக்கும் அவசியம் அதில் எங்குமே நேரவில்லை. நோயைப் பேயாக்காமலே எதிர்ப்பது மாரியம்மனைக் கும்பிடும் தோட்டத்து மக்களுக்குப் புதிதுமல்ல. கொப்புளம் கண்டால் ‘அம்மா போட்டிருக்கு’ என்று வாசலில் வேப்பிலை செருகுகிறவர்கள், பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாளில் அதே வாசலிலிருந்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.