சாம்பலுக்கு மேலும் கீழும்

கி.பி. 79இல் வெசுவியஸ் மூடிய பொம்பெய் நகரத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. தெருக்கள், ரொட்டி அடுப்புகள், சுவரோவியங்கள், இறந்தவர்களின் உடல் வடிவங்கள். ஐதராபாத்திலிருந்து எரிமலைச் சாம்பலைத் தேடி பைக்கில் கிளம்பும் ஒரு மென்பொருள்காரருக்கு அந்த வசதி இல்லை. ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் இருக்கும் ஜ்வாலாபுரத்தில் புதைந்தது நகரம் அல்ல. ஒரு பள்ளத்தாக்கின் தரை.

கர்னூல் வரை நெடுஞ்சாலை. பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, கர்னூல் வாசலில் துங்கபத்ரா. வண்டி தானாகவே ஓடும். பேத்தம்செர்லா பக்கம், பலகைக்கல் ஏற்றிய லாரிகள் அரைத்துப்போட்ட புழுதிக்குள் இறங்கினால்தான் வேலை. முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது. இருக்கையை விட்டு எழுந்து நின்று, கியரைக் குறைத்து, வண்டியை அதன் போக்கில் விட வேண்டும்.

ஜ்வாலாபுரத்துக் குழிகளின் பக்கவாட்டில் வெளிறிய சாம்பல் அடுக்கு தெரிகிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா எரிமலை வெடித்தபோது, 2,600 கி.மீ. தாண்டி வந்து விழுந்தது அது. மழைநீர் அதைப் பள்ளத்துக்கு அடித்து வந்து சேர்த்ததால் சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேல் கிடக்கிறது. தொல்லியலாளர்கள் மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் குழுவினர் இங்கே தோண்டி, 2007இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவிகள், மேலேயும் கற்கருவிகள், இரண்டும் ஏறத்தாழ ஒரே கைவேலை.

டோபா மனித இனத்தையே சில ஆயிரம் பேராகச் சுருக்கிவிட்டது என்ற கருத்து வலுவாக இருந்த காலம் அது. அதனால் இந்தச் செய்தி பலருக்கு ஆறுதலாக இருந்தது. ‘பார், மனிதன் எதையும் தாங்குவான்’ என்று நிர்வாகப் பயிற்சி வகுப்பில் சொல்லத் தோதான கதை. ஆட்குறைப்பு நடந்த அலுவலகத்தில் மீந்தவர்களுக்கு இதைச் சொல்லி மேசைக்கு அனுப்பலாம்.

ஆனால் கல் அவ்வளவு சொல்லவில்லை. சாம்பலுக்கு மேலே கல்லைச் செதுக்கியவர்கள் கீழே செதுக்கியவர்களின் பிள்ளைகளா, பின்னால் வந்து சேர்ந்தவர்களா? அவர்கள் எந்த வகை மனிதர் என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை, எலும்பு கிடைக்கவில்லை.

அதே சுமத்ராவின் கடலடியில்தான் 2004 டிசம்பர் 26 அன்று பூமி அதிர்ந்தது. அதில் எழுந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு படகுகள் மீண்டும் கடலுக்குப் போயின, வலைகள் பின்னப்பட்டன, ஏலக்கூடத்தில் மீன் வந்து விழுந்தது. எதிர்காலத்தில் ஒருவர் அந்தக் கரையைத் தோண்டினால் தொழில் அறுபடவில்லை என்றே எழுதுவார். அது பொய்யில்லை. அந்தக் கரையிலுள்ள அக்கரைப்பேட்டையில் யாரிடமாவது அதைச் சொல்லிப் பார்த்தால்தான் அந்த வாக்கியத்தில் என்ன குறைகிறது என்று தெரியும்.

ஜ்வாலாபுரத்துச் சாம்பலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது நுண்ணிய எரிமலைக் கண்ணாடித் துகள், நன்றாகத் தேய்க்கும். அதனால் பாத்திரம் துலக்கும் பவுடருக்காக வெட்டி அள்ளுகிறார்கள். அடுக்கு கரைகிறது, பாதுகாக்க வேண்டும் என்ற குரல் நியாயமானது. குறைந்தது சில குழிகளையாவது வேலி போட்டு விட்டுவைக்கலாம். வெட்டுகிறவருக்குக் கூலி வேறு எங்கே கிடைக்கும் என்பதையும் வேலி போடுகிறவர்களே சொல்லியாக வேண்டும்.