அடுப்பு யாருடையது?

மாற்றுக் கிராமம், கூட்டு வாழ்க்கை, கம்யூன் என்று பேசுகிற தோழர்கள் நம்மிடையே இன்றைக்கும் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள், நல்ல மனசுக்காரர்கள். ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் வாங்குவோம், சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்காருவோம், ரசாயன உரம் இல்லாமல் வெள்ளாமை செய்வோம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெண்ணந்தூர்ப் பக்கத்துச் சேரியில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் எழுகிற கேள்வி வேறு. சோத்துக்குக் கூப்பிடறீங்க, சரிங்க. அடுப்பு யாரோடதுங்க?

இது சில்லறைக் கேள்வி அல்ல. சமத்துவம் என்பது ஒருத்தர் கூப்பிட்டு இன்னொருத்தருக்குக் கொடுக்கிற பண்டமா? கொடுக்கிறவர் கை மேலே, வாங்குகிறவர் கை கீழே என்றால் அதற்குப் பெயர் சமத்துவம்தானா?

தூரமாகப் போக வேண்டியதில்லை. வெண்ணந்தூருக்கு மேற்கே, திருச்செங்கோட்டு வட்டாரத்துப் புதுப்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6 அன்று காந்தி ஆசிரமம் தொடங்கியது. நடத்தியவர் ராஜாஜி. திறந்து வைத்தவர் அப்போது காங்கிரசில் இருந்த பெரியார். (வரலாறு இப்படியும் கேலி செய்யும்.) இடம் தந்தவர் அந்த ஊர் நிலக்கிழார் ரத்தினசபாபதிக் கவுண்டர். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு என்பவை ஆசிரமத்தின் வேலைகள். சேலத்தில் பெரிய வக்கீலாக, நகரசபைத் தலைவராக இருந்தவர் குடிசைக்கு வந்து இராட்டை சுற்றினார். தீண்டப்படாதவர்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில், கொங்குச் சீமையில், அது சின்னக் காரியமில்லை. அதை மறுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனால் ஆசிரமத்துக்கு வேலி இருந்தது. வேலிக்குள்ளே ஒருத்தன் ஆசிரமவாசி. வேலியைத் தாண்டினால் அவன் அண்ணன் தம்பி பண்ணையாள், பத்து வயசுப் பையனைக்கூட 'சாமி' என்று கூப்பிட வேண்டியவன். அன்றைக்குக் கிணற்றுப் பாசனம் முழுக்கக் கவலை ஏற்றத்தில் நடந்தது. அந்தத் தோல் சாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். செத்த மாட்டின் தோலில், அவர்கள் கை தைத்த தையலில் ஏறி வந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. எந்த நெல்லும் தீட்டுப்படவில்லை, எந்தக் கவுண்டரும் அந்தச் சோற்றைத் துப்பவில்லை. அதே கை கிணற்றில் குடத்தை இறக்கினால் மட்டும் கிணறே தீட்டு! அப்படியானால் தீட்டு தோலிலும் இல்லை, கையிலும் இல்லை. கிணறு யாருடையது என்பதில் இருக்கிறது. பிறகு மின்சார மோட்டார் வந்தது, கவலை போனது, தைத்தவரின் பிழைப்பும் போனது. இழிவு மட்டும் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆசிரமங்கள் கைவேலையின் மாண்பைப் பேசின. வக்கீல் நூல் நூற்பது அவராகத் தேர்ந்தது. வேண்டாம் என்றால் எழுந்து போகலாம். அவர் போகவும் செய்தார்; 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். செருப்புத் தைக்கிறவருக்கும் மலம் அள்ளுகிறவருக்கும் எழுந்து போக இடமில்லை. எழுந்து போக முடிகிறவருக்குத்தான் எளிமை ஒரு அறம், மற்றவர்களுக்கு அது விதி. இந்த வித்தியாசம் பிடிபடாததால்தான் அதே ராஜாஜி 1953இல் முதலமைச்சராக, பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் படித்துவிட்டு மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது, அடுத்த வருஷம் பதவியை விட்டார். ஆசிரமத்துக்கும் குலக்கல்விக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

சேரன்மாதேவி குருகுலத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய கூட்டு வாழ்க்கை அது. இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்றதும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளப்பிய புயலில் காங்கிரசே ஆடியது. நியாயமான புயல். ஆனாலும் பாருங்கள், சண்டை பார்ப்பனப் பிள்ளைக்கும் பார்ப்பனரல்லாத பிள்ளைக்கும் நடுவே ஓடியது. சேரிப் பிள்ளை பந்தியின் எந்த மூலையில் என்பது அந்தச் சண்டையின் மையமாக இல்லை.

சரி, நம்ம சேரியே ஒரு கம்யூன்தானே என்று சிலர் புல்லரித்து எழுதுகிறார்கள். அரிசி கடன் வாங்குவது, கறியைப் பங்கு போடுவது, சாவென்றால் அத்தனை பேரும் அடுப்பைப் பற்ற வைக்காமல் இருப்பது எல்லாம் உண்மைதான். ஆனால் அது யாரும் விரும்பிக் கட்டிய கூட்டு இல்லை, ஊர் நம்மைத் தள்ளி வைத்த இடம். பறையர் தெருவுக்கும் அருந்ததியர் தெருவுக்கும் நடுவே கோடு உண்டு. நாள் முழுக்கக் களை எடுத்து வந்த பெண்தான் ராத்திரி அடுப்பையும் ஊத வேண்டும். பாட்டுக் கட்டிப் புகழ என்ன இருக்கிறது?

அம்பேத்கர் இந்தக் கேள்வியோடு ரொம்ப காலம் மல்லுக்கட்டினார். 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோதே, சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி சாகாது என்று சொல்லிவிட்டார். 1942இல் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மாநாடு நமக்குத் தனிக் கிராமங்கள் கேட்டது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், கூட்டுப் பண்ணையாக நடக்க வேண்டும், நிலம் சாதி மத வேற்றுமையின்றித் தரப்பட வேண்டும் என்றார். நிலவுடைமையாளனும் குத்தகையாளனும் நிலமற்ற கூலியும் அங்கே இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. பிரிந்து போவதா, கலந்து வாழ்வதா என்று இதை இரண்டாக வெட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே பேச்சாகத்தான் படுகிறது. அவனுடைய வயலை நம்பி உலை வைக்காத வாழ்க்கை வேண்டும் என்பதுதான் அது.

1997இல் அறிவிக்கப்பட்டு, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலில் திறக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். நூறு வீடு, அதில் நாற்பது நமக்கு. சாதிவாரியாகத் தெரு கிடையாது, எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. பிணத்துக்கும் பாதை மறிக்கிற நாட்டில் ஒரே சுடுகாடு என்பது பெரிய விஷயம். ஆனால் வீடு கிடைத்தது, காடு கிடைக்கவில்லை. விடிந்தால் கூலிக்கு அதே ஆள் வாசலுக்குத்தான் போக வேண்டும். திட்டம் அறிவித்த அதே 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புதுப்பாளையம் ஆசிரமம் தொடங்கித் தொண்ணூறு வருஷம் கழித்து, 2015 ஜூன் 23 அன்று, அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குத் தோழி ஒருத்தியோடு போன தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜைக் கடத்திப் போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணம் கிடந்தது. சாதி அமைப்பொன்றின் தலைவர் உட்படப் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று 2022இல் மதுரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே பந்தியில் உட்காரலாம், ஒரே மலையில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு நடக்கக்கூடாது!

ஆகவே நாலு ஏக்கர் தேடுகிற தோழர்களிடம் சொல்ல இருப்பது இதுதான். நிலத்தை வாங்குங்கள். பத்திரத்தைச் சேரியில் நிலமில்லாத பெண்கள் பெயரில் எழுதுங்கள். என்ன விதைப்பது, யாரைச் சேர்ப்பது, கக்கூசை யார் கழுவுவது என்பதை அவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். உங்களுக்கும் அங்கே ஒரு குடிசை வேண்டுமென்றால் அவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றும் அவர்கள் சொல்லக்கூடும்.