யாருக்குத் திருப்பித் தருவது?

உங்கள் மூளைக்கு ஒரு வாட்ச்மேன் இருக்கிறார், தெரியுமா? ரொம்பக் கறாரான ஆசாமி.

1885-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி, விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். உடம்பெல்லாம் நிறம் மாறியது, மூளையைத் தவிர. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். 1913-ல் அவருடைய சீடர் கோல்ட்மன், சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் ஏற்றினார். இந்த முறை மூளை நிறம் மாறியது, உடம்பு மாறவில்லை! அப்போதுதான் உறைத்தது, நடுவில் ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது என்று.

அந்தத் தடுப்பு, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உள்சுவராக நிற்கும் செல்கள். இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டு, 'நீ உள்ளே போகலாம், நீ கிளம்பு' என்று தரம் பிரிப்பவை.

கொடுமை என்னவென்றால், மார்பிலும் நுரையீரலிலும் தொடங்கும் புற்றுநோயின் செல்கள் சில சமயம் இவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போய்விடுகின்றன. பின்னாலேயே துரத்திப் போகும் மருந்துகளில் பலவற்றை மட்டும் வாட்ச்மேன் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். திருடனை விட்டுவிட்டுப் போலீஸைத் தடுத்த கதை!

திருடன் எப்படி நுழைந்தான்? உயிரோடு இருப்பவரின் மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியாது. எனவே, தடுப்புச் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். பொடிப்பொடித் துளைகள் உள்ள மெல்லிய சவ்வின் மேல் அவற்றைப் பரப்பி, மேலே புற்றுநோய் செல்களை விட்டு, எத்தனை கீழே இறங்குகின்றன என்று எண்ணுகிறார்கள்.

சரி, அந்தச் செல்கள் எங்கிருந்து வந்தன? விஷயமே இங்கேதான் இருக்கிறது.

உலகெங்கும் இந்த ஆராய்ச்சியில் அதிகம் புழங்கும் செல் வகைகளில் ஒன்றின் பெயர் எச்.சி.எம்.இ.சி-டி3. பாரிஸின் கோஷான் ஆய்வு நிலையமும் பங்கேற்ற குழு ஒன்று 2005-ல் அதை அறிவித்தது. வலிப்பு நோய்க்காக ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணின் மூளையிலிருந்து வெட்டி எடுத்த திசுவில் கிடைத்தவை அவை. சாதாரண செல் கொஞ்ச காலம் பிரிந்து பெருகிவிட்டு ஓய்ந்துபோகும். ஓயாமல் பெருகட்டும் என்று அதற்குள் இரண்டு மரபணுக்களைச் சேர்த்தார்கள். ஓயாமல் பெருகுவது புற்றுநோயின் குணம். அதைக் கடன் வாங்கித்தான் அதையே ஆராய்கிறோம்!

அந்தப் பெண் யார்? கட்டுரையில் பெயர் இல்லை. இருக்கவும் கூடாது. ஆனால், அவருடைய ஒரு துணுக்கு நாடு நாடாகப் போய் இன்னமும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

'குப்பைக்குப் போகவேண்டியதுதானே சார், எடுத்துக்கிட்டா என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். கோர்ட்டும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. தன் மண்ணீரல் செல்களைக் கொண்டு டாக்டர் காப்புரிமை வாங்கிவிட்டார் என்று அமெரிக்காவில் ஜான் மூர் வழக்குப் போட்டார். 1990-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வெளியே எடுத்த செல்களில் அவருக்குச் சொத்துரிமை இல்லை என்றது. ஆனால், டாக்டர் தன் ஆதாயத்தை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னது.

சொத்து என்று பார்த்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. கடன் என்று பார்த்தால்தான் ஆரம்பிக்கிறது. நான் பி.காம். படித்தவன். பற்று என்று ஒன்று எழுதினால், எதிரே வரவு எழுதியாக வேண்டும். இங்கே யார் பெயரில் எழுதுவது?

பெயரைப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? 1951-ல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய் செல்களைக் கேட்காமலே எடுத்தார்கள். குடும்பத்துக்கு விஷயம் தெரிய இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. பிறகு பெயர் ஊரறிந்தது. பலன்? 2013-ல் அந்தச் செல்களின் முழு மரபணு விவரத்தைக் குடும்பத்தைக் கேட்காமலே வெளியிட்டார்கள். பேரப்பிள்ளைகளின் ரகசியமும் அதில் அடக்கம். எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கினார்கள். பெயரை மறைத்தால் நன்றி போகிறது, சொன்னால் நிம்மதி போகிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். சில கடன்களைக் கொடுத்தவரிடமே திருப்பித் தர முடியாது. பனங்கொட்டை ஊன்றியவருக்கா நாம் நுங்கு கொடுக்கிறோம்? அடுத்தவருக்காக ஒன்று ஊன்றுகிறோம். அந்தப் பெண்ணின் செல்லில் சோதித்துப் பார்த்த ஒரு மருந்து நாளை கடைக்கு வந்து, அவரைப் போன்ற ஒருத்தி விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், கடன் அடையவில்லை என்றுதான் அர்த்தம். விலையைக் குறைப்பதுதான் வட்டியும் முதலும்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. கேட்பது. 'இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க' என்பது கேட்பது ஆகாது. 'உங்களிடமிருந்து எடுப்பது இதற்குப் பயன்படலாம், சம்மதமா?' என்று புரிகிற பாஷையில், பயமில்லாத நேரத்தில் கேட்பதுதான் கேட்பது. கேட்டால் பெரும்பாலோர் சரி என்றுதான் சொல்வார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் முகம் தெரியாதவருக்குக் கை நீட்டுகிற ஜனங்கள்தானே நாம்? கேட்காமல் எடுப்பவர்கள் நம்மிடமிருந்து பறிப்பது திசுவை அல்ல. 'நான் கொடுத்தேன்' என்று சொல்லிக்கொள்ளும் சந்தோஷத்தை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் படிவம் நீட்டினால், அந்தப் பொடி எழுத்தைக் கொஞ்சம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கொடுக்கக் கூடாது என்பதற்காக அல்ல, தெரிந்து கொடுப்பதற்காக.