மதிப்பெண் அவளுடையது, முடிவு?

கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கணக்கிட்டு, பொறியியல் படிப்புக்கான தகுதி மதிப்பெண் 200-க்கு இத்தனை என்று வெளியாகிறது. அந்த எண்ணிலே ஆண் என்றும் பெண் என்றும் பேதமில்லை. ஆனால், கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிய வேண்டிய நாள் வந்ததும், வீட்டுக்குள்ளே பேதம் முளைத்துவிடுகிறது. மகனாயின், "எது சிறந்த கல்லூரி?" என்று கேட்கின்றனர். மகளாயின், "எது பக்கத்துக் கல்லூரி?" என்று கேட்கின்றனர்.

எல்லா வீடுகளும் இப்படித்தான் என்று கூறோம். கூறினால் அது பழியாகும். எனினும் நாம் கண்ட வீடுகள் பல. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணிப்பொறியியல் பயிலும் தகுதி பெற்ற பெண், மாலை ஐந்து மணிப் பேருந்தில் வீடு திரும்பத்தக்க கல்லூரியிலே சேர்க்கப்படுகிறாள். "இரண்டும் அண்ணா பல்கலைக்கழகப் பட்டந்தானே!" என்று ஆறுதலும் வழங்கப்படுகிறது. ஆம், 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு அதே பல்கலைக்கழகந்தான். முத்திரை ஒன்று, முற்றம் ஒன்றா? ஆய்வுக்கூடம் ஒன்றா? அருகமர்ந்து வாதிடும் மாணவர்தாம் ஒருவரா? ஒருவர் எழுதிய நிரலிலே மற்றொருவர் பிழை காண்பதும், விடிய விடிய இருவரும் அதைத் திருத்துவதும் விடுதியிலே வளரும் கல்வி. ஐந்து மணிப் பேருந்தில் ஏறியவளுக்கு அது கிட்டுவதில்லை.

பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பெண்ணுக்கு ஊறு நேர்ந்தால், ஊறு செய்தவனை விட்டுவிட்டுப் பெண்ணையே பழிக்கும் ஊர் இது. அந்த ஊருக்கு அஞ்சுகிறார் தந்தை. அஞ்சட்டும்! ஆனால், அந்த அச்சத்துக்கான விலையைச் செலுத்துவது யார்? ஊர் செலுத்துவதில்லை; அஞ்சியவரும் செலுத்துவதில்லை. பதினேழு வயதுப் பெண் செலுத்துகிறாள், தன் வருங்காலத்தைக் கொண்டு. ஒருவருடைய அச்சத்துக்கு இன்னொருவர் விலை கொடுப்பது எந்த அறத்தின்பாற்பட்டது? அன்பினால் செய்கிறோம் என்பர். மகனிடத்தும் அன்புண்டே! அந்த அன்பு மட்டும் அவனைத் தொலைவுக்கு வழியனுப்பி வைப்பது எங்ஙனம்?

1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியது கிண்டிக் கல்லூரி. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அங்கே ஆடவர் மட்டுமே பயின்றனர். 1940-இல் லலிதா நுழைந்தார். பதினெட்டு வயதிலே கணவனை இழந்தவர். கையிலே பெண் குழந்தை. கைம்பெண்ணை மூலையிலே உட்காரவைத்த காலம் அது. அக்கல்லூரியிலேயே பேராசிரியராயிருந்த அவர் தந்தை, மகளை மின்பொறியியல் வகுப்பிலே உட்காரவைத்தார். திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் கட்டடப் பொறியியல் பயில வந்தனர். பட்டச் சான்றிதழில் ஆடவரைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனராம்! லலிதா 1964-இல் நியூயார்க்கில் நடைபெற்ற முதலாவது அனைத்துலகப் பெண் பொறியாளர் மாநாட்டிலே கலந்துகொண்டார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார்.

செலவைக் காரணங்காட்டுவோரும் உளர். பலருக்கு அது மெய்யான சுமையே. எனினும் 2021-இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த வீடுகளிலும் "பக்கத்துக் கல்லூரி" என்ற குரல் எழுமானால், தடுப்பது பணமன்று.

கலந்தாய்வின் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தரவரிசைக்கு எட்டுகிற இடங்களுள், பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுவே வழங்கப்படுகிறது. கிண்டியை முதலில் எழுதியதால் பக்கத்துக் கல்லூரி பறிபோகாது. கிண்டி எட்டாவிடில் அடுத்தது வரும். ஆக, முதலிடத்தில் கிண்டி இல்லையெனில், அதை நீக்கியது கணிப்பொறியன்று. கடவுச்சொல் தந்தையின் கைப்பேசியில். விசைப்பலகை கடைக்காரர் கையில். மகளோ பின்னால் நிற்கிறாள்!

பட்டியலை உறுதி செய்யும் வரை வரிசையை மாற்றலாம். அதற்குள் ஒருநாள், மகளை அழைத்துக்கொண்டு கிண்டிக்குச் சென்று வரட்டும் தந்தையார். விடுதியைப் பார்க்கட்டும். அங்கே பயிலும் பெண்களிடம் கேட்க வேண்டியவற்றை மகளே கேட்கட்டும். அவர் சற்றே தள்ளி நிற்கட்டும்.